யாருது இந்தச் சொட்டு?

2016 மே 9, திங்கட்கிழமை. வழக்கம்போல ஷெட்டைத் திறந்து வாசலைப் பெருக்கினேன். சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து டைரியில் குறித்தேன். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்ததால் காலையிலேயே அது முப்பதைத் தாண்டியிருந்தது. பிறகு ஏர் கம்ப்ரசரின் தொட்டிக்கு அடியிலுள்ள வால்வைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரை வெளியே விட்டேன். அது சீறிக்கொண்டு வந்து மண்ணில் ஒரு கறுப்புத் திட்டுப் போட்டுவிட்டுக் காய்ந்துபோனது. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கிவிடும். தினமும் வெளியேற்றாவிட்டால் தொட்டி துருப்பிடிக்கும். நான் அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் கார்களுக்கு ஏசி வேலை பார்க்கிறவன். பெருக்கி முடித்ததும் இந்த வால்வைத் திறப்பதுதான் என் நாளின் முதல் வேலை.

இரண்டாவது வேலையைத் தொடங்குவதற்குள் பரளச்சி அக்காவின் கார் வந்து நின்றது.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் அவருடையது, என்னுடையது இல்லை. அவரோடு பழகியவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும்.

பரளச்சியில் அவரும் கணவரும் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போது நானும் அங்கே நின்றிருக்கிறேன். கடலை எண்ணெயைச் சில்லறையாக அளந்து கொடுப்பார். வாங்க வந்தவரின் பாட்டிலில் புனலை வைத்து, அளவுக் குவளையைக் கவிழ்த்து, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். எண்ணெய் மெலிந்து நூலாகும். நூல் அறுந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போகும். குவளையைத் தட்டமாட்டார், உதறமாட்டார். பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்குப் பொறுக்காது.

"போதும் விடுங்கக்கா. பஸ்ஸு வந்துரும்."

"வரட்டும். இந்தச் சொட்டு யாருது? உன்னுது. உன்னுத நான் எதுக்கு வச்சுக்கணும்?"

"நாந்தான் வேணாம்ங்கிறேனே."

"நீ வேணாம்னா அது என்னுது ஆயிருமா?"

ஊரில் சிலர் அவரைக் கருமி என்றார்கள். அந்தச் சொல் அவருக்குப் பொருந்தவில்லை. கருமி தன் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வான். இவர் அடுத்தவர் பொருளையும் அது உரிய கைக்குப் போய்ச் சேரும்வரை விடமாட்டார். மிச்சம் என்ற சொல்லையே அவர் ஒப்புக்கொண்டதில்லை. "மிச்சம்னு ஒண்ணு கிடையாதுப்பா. யாருதுன்னு தெரியாமக் கிடக்கு, அம்புட்டுத்தான்" என்பார்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒரு முறை மதுரைக்குப் போகிற வழியில் என் ஷெட் வாசலில் காரை நிறுத்தி, இறங்கி வந்து, என் உள்ளங்கையில் ஒரு போல்ட்டை வைத்தார்.

"உன்னுது. வண்டியில கால் வைக்கிற எடத்துல கிடந்துச்சு."

திருப்பிப் பார்த்தேன். "இது என்னுது இல்லக்கா. உங்க சீட்டு போல்ட்டு."

"அப்ப சீட்டோடது. மாட்டிவிடு" என்றார். ஓட்டுநர் இருக்கை ஆடிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கையில் இருந்தது அடுத்தவர் பொருளோ என்ற கவலையில் அத்தனை தூரம் ஆடிக்கொண்டே வந்திருக்கிறார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதற்குத் தண்ணீர்தான் காரணம். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். குடிக்கும் தண்ணீர் உடம்பை விட்டு வெளியேறாது. கொஞ்சம் கூடினாலும் நெஞ்சில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். அதனால் டாக்டர் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார். அக்கா அந்த அளவைக் காலையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வைத்துவிடுவார். காபி குடித்தால் அவ்வளவு தண்ணீரைச் சொம்பிலிருந்து எடுத்துவிடுவார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் அதற்கும் எடுப்பார். மாலைக்குள் சொம்பின் அடி தெரிந்துவிடும்.

"ஒட்டகத்துக்கு வாக்கப்பட்டிருந்தா இவளுக்குச் சுளுவா இருந்திருக்கும்" என்று அண்ணாச்சி சொல்லுவார். அக்காவின் கணவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். உடம்பு ஒடுங்கிப் போயிருந்தாலும் வாய் ஒடுங்காத மனிதர்.

முதலில் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருந்தார்கள். அவர் காரியாபட்டியில் டீ குடிக்க நிறுத்துவார். அவர் டீ குடிக்கும் நேரத்தில் அண்ணாச்சி சாவகாசமாக இறங்கிப் போய்க் குழாயடியில் குனிவார். இது மூன்றாவது முறை நடந்தபோது அக்கா ஓட்டுநரை நிறுத்திவிட்டு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கற்றுக்கொடுத்தவர், "இந்த வயசுல எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?" என்று கேட்டாராம்.

"வயசு என்னுது, கஷ்டம் என்னுது, வண்டி உங்களுது. வண்டிய மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்று சொன்னதாக அண்ணாச்சிதான் எனக்குச் சொன்னார்.

சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, தோளில் ஓர் ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுவார். வேகம் போகமாட்டார். டீக்கடை, குழாயடி எதிலும் நிறுத்தமாட்டார். அண்ணாச்சி பரளச்சியில் ஏறினால் மதுரையில்தான் இறக்கம்.

அவருக்கு எதிரி வெயில். காருக்குள் வெக்கை ஏறினால் அண்ணாச்சிக்கு நாக்கு வறளும். வறண்டால் எப்படியாவது குடித்துவிடுவார். அந்த வருஷ ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில் ஏசி நின்றுவிட்டது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு அக்கா காரை ஓட்டினார். கரிசல் காட்டுக் காற்று அடுப்பு ஊதுவதுபோல உள்ளே வந்தது. ரயில்வே கேட் ஒன்றில் கார் நின்ற நேரத்தில், வெள்ளரிக்காய் விற்ற அம்மாவிடமிருந்து தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி அண்ணாச்சி முழுதாகக் குடித்துவிட்டார். அன்றிரவே படுக்க முடியாமல் மூச்சு வாங்கி, மறுபடி மதுரைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா முதல் முறையாக என் ஷெட்டுக்கு வந்தார்.

"ஏசி ஒழுகுதுப்பா."

ஒழுகுகிறது என்று வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தண்ணியாக்கா, கேஸா?"

"அது உனக்குத்தான தெரியணும்? காருக்கு அடியில சொட்டுச் சொட்டா விழுது. குளுரும் இல்ல."

இரண்டும் வேறு வேறு என்று சொன்னேன். அடியில் விழுவது பழுதே இல்லை. டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில் என்று ஒரு குளிர்ந்த பெட்டி இருக்கிறது. காருக்குள் உள்ள காற்று அதன்மேல் படும்போது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக மாறி, ஒரு குழாய் வழியே கீழே போகிறது. நல்ல ஏசிக்கு அதுதான் அடையாளம்.

"காருக்குள்ள ஏதுப்பா ஈரம்? இந்த ஊருல?"

"வெளிக்காத்துலயும் கொஞ்சம் இருக்கும்க்கா. உள்ள உக்காந்திருக்கவங்க விடுற மூச்சுலயும் இருக்கும்."

அக்கா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவுக மூச்சுலயுமா?"

"எல்லாரு மூச்சுலயும்தான்."

"ம்" என்றார். அதற்குமேல் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

குளிர் இல்லாததற்குக் காரணம் கேஸ் குறைந்திருந்ததுதான். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிந்தால்தான் குறையும். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி விடவில்லை. சில கசிவுகள் அவ்வளவு மெல்லியவை. அதனால் கேஸோடு கொஞ்சம் டை சேர்த்து ஏற்றினேன். கேஸ் எந்த இடத்தில் கசிகிறதோ அங்கே இந்தச் சாயமும் வந்து நிற்கும். ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். "குளிர் குறையிற மாதிரி இருந்தா உடனே வாங்க" என்று அனுப்பினேன்.

அப்படித்தான் அந்த மே 9ஆம் தேதி வந்தார்கள். இறங்கும்போதே சொன்னார்.

"இப்ப ரெண்டும் ஒழுகுதுப்பா. குளுரும் போச்சு, உள்ள கால் வைக்கிற எடமெல்லாம் தண்ணி. நாளைக்கு விடியக்காலம் மதுரை போகணும். போன தடவ மாதிரி ஆச்சுன்னா அவுக தாங்க மாட்டாக."

சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "முடியும்னா சொல்லு. முடியாதுன்னாலும் இப்பவே சொல்லு. வேற வண்டி பாக்கணும்."

"பாத்துட்டுச் சொல்றேன். ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

இடதுபக்க மிதியடியைத் தூக்கினேன். அடியில் ஊறிக் கிடந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். பிசுபிசுப்பு இல்லை, இனிப்பு வாடை இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் என்றால் இரண்டும் இருக்கும். ஆக, இது ஏசித் தண்ணீர்தான். கீழே போகவேண்டியது போகாமல் உள்ளே திரும்பியிருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்தேன்.

தண்ணீர் இறங்குகிற ரப்பர் குழாயின் வாயில் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருந்தது. அதற்குள்ளிருந்து மெல்லிய, கண்ணாடிபோன்ற ஒரு குழாய் கிளம்பி, கட்டுக்கம்பியால் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போனது. குழாயின் நடுவே உருட்டிக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்கூட அப்படியே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றுகிற ட்யூப்.

படுத்த இடத்திலிருந்தே கேட்டேன். "அக்கா, காருக்கு யாரு ட்ரிப்ஸ் போட்டது?"

"நாந்தான். எதுக்கு?"

"ஏசித் தண்ணி போற வழிய அடைச்சு வச்சிருக்கீகளே. இம்புட்டு மெல்லிசா இருந்தா கரிசப் புழுதி அடைச்சுக்காதா? போக எடமில்லாம உள்ள திரும்பிருச்சு."

"காத்துப் போக பாட்டில்ல ஊசி குத்தித்தான் வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில அப்படித்தான் வைக்கிறாக."

"ஆஸ்பத்திரியில புழுதி இல்லக்கா."

பக்கத்து ஷெட் வெல்டர் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குத்தா இது? குடிக்கவா?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார். அண்ணாச்சிக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரல் தணிந்திருந்தது.

"நீதான சொன்ன, மூச்சுல இருக்குற ஈரந்தான் தண்ணியா விழுதுன்னு. அவுகளுக்கு நான் ஒரு மடக்கு கூடக் குடுக்க முடியல. அவுக மூச்சுல வந்த தண்ணிய ரோட்டுல விடவா? யாருது அது? அவுகளுது. அவுக வச்ச கருவேப்பிலைக்குக் கொண்டுபோயி ஊத்துறேன்."

நான் காருக்கடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தேன். வெல்டர் அண்ணன் கையிலிருந்த வெல்டிங் முகக் கவசத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷத்தில் இந்தக் குழாயை எலி கடித்துப் பார்த்திருக்கிறேன். குளவி கூடு கட்டி அடைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை.

முதல் கசிவு அதோடு முடிந்தது. இரண்டாவதுதான் கடினம். ஊதா டார்ச்சை எடுத்து எஞ்சின் பக்கம் முழுக்கத் தேடினேன். கேஸை அமுக்கும் ஏசி கம்ப்ரசர் வாயில் இல்லை. கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் இல்லை. குழாய் இணைப்புகளில் இல்லை. மீதி இருப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மட்டும். அதைப் பார்க்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு அது நன்றாக இருந்தால் ஒரு நாள் வீணாகிவிடும். இவர்களுக்கு இருந்ததோ அந்த ஒரு நாள்தான். சந்தேகத்தின் பேரில் அதைக் கழற்ற எனக்கு மனமில்லை.

"வேற என்ன வித்தியாசம் பாத்தீக? யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தண்ணிதான் ரெண்டு தடவையா சுத்தமில்ல. ஒரு மாதிரி மஞ்சளா, மேல எண்ணெ மினுங்குற மாதிரி இருந்துச்சு. செடிக்கு ஊத்தல."

"கொட்டிட்டீகளா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டிருக்கவேண்டாம். காரின் பின்பக்கத்தைத் திறந்து, சாக்குக்கு இடையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "செடிக்கும் ஆகாது, கொட்டவும் முடியாது. யாருதுன்னு தெரியல, வச்சிருக்கேன்."

பாட்டிலை ஷெட்டின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய் டார்ச்சை அடித்தேன். தண்ணீர் முழுக்கப் பச்சையாக எரிந்தது. அவ்வளவுதான். கசிவது கூலிங் காயில். நான் ஏற்றிய டை அங்கேதான் வெளியே வந்து, அதன்மேல் வழியும் தண்ணீரோடு கலந்து இறங்கியிருக்கிறது. ரோட்டில் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பாட்டிலைப் பார்த்தார்.

"என்ன புள்ள, என் மூச்சு பச்சையா இருக்கு?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். நாங்கள் பேசியது அண்ணாச்சிக்குக் கேட்டிருக்கிறது.

"உங்க மூச்சு இல்ல அண்ணாச்சி. இது நான் ஊத்துன சாயம்" என்றேன். "அக்கா, முடியும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

மதுரைக் கடைக்குப் போன் செய்து, காயிலைப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். வெல்டர் அண்ணனும் நானும் டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தோம். கழற்றும் ஸ்க்ரூக்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிண்ணங்களில் போடுவது என் பழக்கம். அக்கா ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அந்தக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தொந்தரவாக இல்லை. அவருக்கு என் வேலையும் எனக்கு அவர் பார்வையும் ஒத்துப்போயின.

பத்து மணிக்குமேல் தகரக் கூரை காந்த ஆரம்பித்தது. அக்கா ஓர் அட்டையை எடுத்துக் கணவருக்கு விசிறினார். கையோடு கொண்டுவந்திருந்த சொம்பைத் திறந்து, பாட்டில் மூடியால் ஒரு மூடித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் கழித்துத்தான் விழுங்கினார். பிறகு முகர்ந்துகொண்டிருக்க ஓர் எலுமிச்சம்பழம். பிறகு அதில் ஒரு கீற்று, நக்கிக்கொள்ள.

மதியம் வெல்டர் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காயிலை வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து நின்றார்.

"அவுக எங்க?"

அட்டை கிடந்தது. எலுமிச்சை கிடந்தது. அண்ணாச்சி இல்லை. அக்கா ஓடவில்லை. ரோட்டின் இரு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்கு நேராக நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கடை வாசலில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையின் அருகே அண்ணாச்சி நின்றிருந்தார். ஒரு கை பானையின் வயிற்றில் இருந்தது. இன்னொரு கையில் டம்ளர்.

"குடிச்சீகளா?"

"இல்ல. தொட்டுத்தான் பாத்தேன். நல்லாக் குளுந்திருக்கு."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். காய்ந்திருந்தது.

"என்னைய நம்பமாட்ட, டம்ளர நம்புவ" என்றார் அண்ணாச்சி.

"டம்ளருக்குத் தாகம் எடுக்காதுல்ல" என்றார் அக்கா. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டைக் கடந்த பிறகும் விடவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு நான்கு கோடைகள் இருந்தார். அவர் போன மறு வருஷமும் சித்திரை பிறந்ததும் அக்கா காரை ஓட்டிக்கொண்டு வந்தார், ஏசியைச் சரிபார்க்க. பின்சீட்டில் அரிசி மூட்டைகள் இருந்தன. "மூட்டைக்கு எதுக்குக்கா ஏசி?" என்று வெல்டர் அண்ணன் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "ஏசி வண்டியோடது. அது சரியா இருக்கணும்ல" என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த வருஷம் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போகுமுன் பரளச்சிக் கடையில் யார் யாரோ மறந்துவிட்டுப் போயிருந்த பாத்திரம், குடை, செருப்பு எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

பழைய காயிலை வெளியே எடுத்தபோது அதன் ஓரத்தில், வளைவு ஒன்றில், டார்ச் வெளிச்சத்தில் பச்சைப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இம்புட்டூண்டா?" என்றார். "இம்புட்டூண்டுதான்." புதியதைப் பொருத்தி, ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தம் கொடுத்து நிற்கிறதா என்று பார்த்து, பிறகு உள்ளேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸை எடை போட்டு ஏற்றினேன். டேஷ்போர்டை மாட்டி முடித்தபோது வெல்டர் அண்ணன் பக்கம் இருந்த கிண்ணத்தில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியிருந்தது.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருப்பான்" என்று எங்கள் தொழிலின் பழைய வேடிக்கையைச் சொன்னார்.

"அவன் எதுக்கு எனக்குக் கூடப் போடுறான்? யாருதுன்னு பாருங்க" என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை எடுத்தேன். காயில் பெட்டிக்குக் கீழே, தண்ணீர் இறங்கும் தட்டைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது. அது இல்லாவிட்டால் இந்தக் கரட்டு ரோட்டில் தட்டு ஒரு பக்கம் இறங்கி, மறுபடி உள்ளேதான் ஒழுகியிருக்கும். மாட்டி முடுக்கினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டேன். காற்று வரும் வாயில் நான் வெப்பமானியைச் செருகினேன். அக்கா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். காருக்கடியில் முதல் சொட்டு விழுந்தது.

"இனி ட்யூப் மாட்டக்கூடாதுக்கா" என்றேன்.

"அப்ப ரோட்டுல போகட்டுங்கிற."

"ஓடுறப்ப விட்டுருங்க. வீட்டுல நிக்கிறப்ப அடியில வாயகன்ற சட்டி வச்சுக்கங்க. குழாய் வாய அடைக்காம தானா விழுறதப் பிடிங்க."

அக்கா குனிந்து அடுத்த சொட்டைப் பார்த்தார். எண்ணெய்ப் புனலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இருக்கும் அதே முகம்.

"சரி. ஓடுறப்ப விழுறது ரோட்டோடது. நிக்கிறப்ப விழுறது செடியோடது" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே எழுந்து ஷெட்டுக்கு வந்துவிட்டேன். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. கார் வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. பின்கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. உள்ளிருந்து வந்த குளிர் என் முகத்தில் அடித்தது.

அண்ணாச்சி தலையோடு காதோடு ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அதற்குமேல் அக்காவின் தோள் துண்டையும் வாங்கிப் போர்த்தியிருந்தார். மடியில் சொம்பு மூடியபடி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, தாகமா இருக்கா?"

"தாகமா? குளுருது தம்பி! கொறைக்கச் சொன்னாக் கேக்கமாட்டேங்குறா. பரளச்சியில இருந்து பல்லு ஆடிக்கிட்டே வாரேன்."

முன்சீட்டிலிருந்து அக்கா திரும்பவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருந்தது.

"கேட்டியாப்பா? குளுருதாம்" என்றார். அந்தக் குரலில் இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் கேட்டதில்லை. அடுத்த கணமே பழைய குரல் வந்துவிட்டது. "கண்ணாடிய ஏத்துங்க. உங்க குளுரு வெளிய போகுது."

கண்ணாடி ஏறியது. கார் நகர்வதற்கு முன் தன் பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, என்னிடம் சொன்னார்.

"நின்ன எடத்துல சொட்டியிருக்கும். உன் வாசல்ல விழுந்தது உன்னுது."

கார் மதுரை ரோட்டில் திரும்பி மறைந்தது. அது நின்ற இடத்தில் ஓர் ஈரவட்டம் இருந்தது.

உள்ளே போய் ஏர் கம்ப்ரசரின் வால்வில் கையை வைத்தேன். திறக்கவில்லை. பழைய அலுமினியச் சட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்து, தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பிறகு மெதுவாகத் திறந்தேன். சீறல் நின்று, நூலாகி, சொட்டாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் எண்ணெய் கலந்திருந்ததால் செடிக்கு ஆகாது. வாசல் புழுதியில் தெளித்தேன். செவ்வாய்க்கிழமையின் முதல் வேலை அது.